அல்பார்ஸ்டியும் நீலக் குழலும்

புருல்சுன் ஆற்றின் இக்கரையில் நின்று தன் குதிரைகளைக் கூப்பிட்டால், அக்கரை ஊர்க் குதிரைகளும் சேர்ந்து கிளம்பிவிடும் என்பார்கள். நரின் பள்ளத்தாக்கில் அப்படியொரு தொண்டை வேறு யாருக்கும் இல்லை. அதே நெஞ்சில்தான் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாவும் குடியிருந்தது. மூச்சு முட்டினால் நீலக் குழலை வாயில் வைத்து மருந்தை இழுப்பாள், சரியாகிவிடும்.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் அதை நிறுத்திவிட்டாள். "அந்த மருந்து நேரே பிள்ளையோட இதயத்துல போய் உக்காரும்" என்று கல்யாண வீட்டில் யாரோ சொன்னது அவளைப் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே ஒரு கரு கலைந்திருந்தது. குழலைச் சுவரோரம் அடுக்கியிருந்த மெத்தைகளுக்குள் திணித்துவிட்டு, ஏழாம் மாதம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

முற்றத்தில் ஆட்டு ரோமத்தைக் கோலால் அடித்துச் சுத்தம் பண்ணிய அன்று தூசி நெஞ்சில் இறங்கியது. வீட்டுக்குள் ஓடி வந்து சுருண்டாள். மூச்சு விசிலடித்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே மாமியார் ஷார்கன் முடிவு கட்டிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சியின் நுரையீரலைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடும் மஞ்சள் முடிப் பேய், அல்பார்ஸ்டி!

"வந்துட்டியாடி, மஞ்சத் தலைக்காரி! என் வீட்டுக்கே வந்துட்டியா!" என்று சாட்டையால் வாசற்படியை விளாசினாள். பேயை விரட்டும் ஆர்ச்சா மரத் தழையைக் கொளுத்தி மருமகளைச் சுற்றிச் சுற்றிப் புகை போட்டாள்.

புகை ஏற ஏற புருல்சுனின் உதடு நீலம் பாய்ந்தது. மெத்தைப் பக்கம் தவழ்ந்தாள். கை பாதியில் நின்றுவிட்டது. இழுத்தால் பிள்ளை போய்விடுமோ? வயிற்றுக்குள் அசைவே தெரியவில்லை.

அவள் கணவன் முகாஷ், ஊர் மருத்துவ நிலைய நர்ஸ் நுர்சாத்தைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"புகைய வெளிய தூக்கிப் போடுங்க பெரியம்மா! பேய் சாகுதோ இல்லையோ, உங்க மருமக செத்துருவா! குழல் எங்கடி?"

புருல்சுன் மெத்தையைக் காட்டினாள். "பிள்ளைக்கு..."

"மருந்து ஒண்ணும் பண்ணாது. உனக்கு மூச்சு இல்லேன்னா அதுக்கும் இல்ல. இழு!"

இழுத்தாள். நிறுத்தி, மறுபடி இழுத்தாள். கொஞ்சம் காற்று உள்ளே போனது. நுர்சாத் பிள்ளையின் துடிப்பு கேட்கும் மரக் குழாயை வயிற்றில் அழுத்தி, மறுமுனையில் காது வைத்தாள்.

"இதயம் அடிக்குது. ஆனா இங்க வச்சுக்க முடியாது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அவசரத்துக்குத்தான் இந்தக் குழல். தினமும் இழுக்க வேற மருந்து குடுப்பாங்க. அதையும் நிறுத்தக் கூடாது."

"பால் குடுக்குறப்ப?" ஷார்கன் கேட்டாள்.

"அப்பவும் இழுக்கலாம். பால்ல ரொம்பச் சொற்பந்தான் போகும்."

வண்டி மேட்டில் ஏறும்போது நெஞ்சில் விசில் மறுபடி கிளம்பியது. புருல்சுன் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கு அத்தே."

"எனக்கும்தான்டி" என்று ஷார்கன் குழலை அவள் வாயருகே நீட்டினாள். "இழு. டேய் முகாஷ், வேகமா ஓட்டுடா!"