வெண்ணந்தூர் வருகைப் பதிவேட்டைச் சோதிக்கப் போனேன்

பழைய பள்ளிப் பதிவேடுகளை வைத்து எங்கள் ஜில்லாவின் கல்வி வரலாற்றை எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் பதிவேடு என்றாலே சந்தேகமும் கூடவே வந்துவிடும். பாதி ஊர்ப் பிள்ளைகள் ஒரே தேதியில் பிறந்ததாக எழுதிவைக்கும் வாத்தியார்களை எப்படி நம்புவது?

1936 பங்குனியில் அந்தச் சந்தேகத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. சேலத்தில் நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில், ஆறாம் வகுப்புக்கு விடுதியோடு ஒரே ஓர் இலவச இடம். வெண்ணந்தூர் நெசவுக்காரர் மகள் செல்லம்மாள் விண்ணப்பித்திருந்தாள். ஐந்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண். பள்ளிக்கு வந்ததோ மாதத்துக்கு ஒரே நாள்! "நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். பொய் என்றால் இடம் வேறு பெண்ணுக்கு" என்றார் தலைமையாசிரியை.

காலை ஏழு மணிக்கு ராசிபுரம் பஸ். பன்னிரண்டு மைல், நாலணா. வெண்ணந்தூர் பிரிவில் இறங்கி நாலு மைல் மாட்டு வண்டி, இரண்டணா. வண்டிக்காரர் மூன்றணா கேட்டார், நான் விடவில்லை.

"ஏனுங்க அம்மணி, சேலை எடுக்க வாரீங்களா?"

"இல்லை, பள்ளிக்கூடம் பார்க்க."

"அதுல என்னங்க இருக்குது பாக்க?"

இவருக்கும் ஏதோ தெரியும், மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நான் கேட்பதற்கு முன்பே பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. செல்லம்மாளுக்கு நேரே ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு வருகைக் குறி. தேதி மட்டும் மாதத்துக்கு மாதம் நகர்ந்துகொண்டே போனது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

"மற்ற நாளெல்லாம் இவள் எங்கே?"

"ஊட்டுலதாங்க."

"ஒரு நாள் வந்தே முதல் மதிப்பெண்ணா?"

"ஆமாங்க."

அந்த 'ஆமாங்க'வைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவள் வீட்டுக்கு நடந்தேன்.

அப்பா தறிக்குழியில் கால்விட்டு நெய்துகொண்டிருந்தார். செல்லம்மாள் ராட்டையில் அவருக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சிறு குழல்களில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டைக் காலில் ஒரு பூகோளப் புத்தகம் திறந்தபடி நூலால் கட்டப்பட்டிருந்தது. நான் வருவது தெரிந்து கட்டிவைத்திருக்கலாம் அல்லவா? என் இட்லிப் பொட்டலத்தைச் சுற்றிவந்த செய்தித்தாளை நீட்டி, படி என்றேன். ராட்டையை நிறுத்தாமலே தடங்கலின்றிப் படித்தாள். கணக்குகள் கேட்டேன், அதற்கும் கை நிற்கவில்லை.

"பிறகு ஏன் ஒரு நாள் மட்டும் போனாய்?"

"அமாவாசைக்குத்தானுங்க டீச்சர் தறி ஓடாது. அன்னிக்குத் தார் சுத்த வேண்டாமுங்க. வாத்தியாரு மாசப் பாடத்தையும் அன்னிக்கே சொல்லிக் குடுத்துருவாருங்க."

பக்கத்து வீட்டுப் பஞ்சாங்கத்தை வாங்கி என் தேதிகளோடு ஒத்துப்பார்த்தேன். ஒன்றுவிடாமல் அமாவாசை. தறிக்கார ஊரில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இடம் உங்கள் மகளுக்குத்தான்" என்று அவள் அப்பாவிடம் சொன்னேன்.

அவர் தறிக்குழியிலிருந்து எழுந்து கும்பிட்டார். "ரொம்பச் சந்தோசமுங்க அம்மணி. அங்கயும் அமாவாசைக்கு அமாவாசை வந்தாப் போதுங்களா?"

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"தெனமும் போகோணுங்கப்பா" என்றாள் செல்லம்மாள். அவர் மறுபடி குழியில் இறங்கி, அடுத்த தாருக்குக் கை நீட்டினார். அவளும் ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

பதிவேடு பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு: கையோடு பஞ்சாங்கம் எடுத்துப் போங்கள். பொய் என்று எழுதுவதற்கு முன், அந்த ஊரில் என்ன தொழில், அதற்கு என்றைக்கு ஓய்வு என்று கேளுங்கள். திரும்பும் பஸ் பிரிவுக்கு நாலு மணிக்கு வரும். நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

'பதிவேடு உண்மை, இடத்தைச் செல்லம்மாளுக்கே வைக்கவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனியில் எங்கள் பள்ளி திறக்கும் நாளையும் பஞ்சாங்கத்தில் பார்த்தேன். அன்று அமாவாசை இல்லை, தறி ஓடும் நாள்.