எழுபத்துமூன்றாம் குப்பி

சரசு அந்த ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதரைக்குள் உள்ளே இருப்பாள். கழுவுவது, நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவது, உறைபெட்டிக்குள் கெட்டியாகப் படிந்த பனியைச் சுரண்டி எடுப்பது, இவ்வளவுதான் வேலை.

அங்கே நடந்தது கடற்பஞ்சு ஆராய்ச்சி. மன்னார் வளைகுடாவில் பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கும் அந்த உயிர்களுக்கு ஓடவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. தன்னை மேய வரும் மீனை விரட்ட உடம்புக்குள்ளேயே நஞ்சு சேர்த்து வைத்திருக்கும். அந்த நஞ்சில் மருந்தாகக் கூடியது ஏதாவது இருக்கிறதா என்று நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தவள் மமதா. மைசூர்ப் பக்கத்துப் பெண், முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள்.

பிப்ரவரியில் ஒரு நாள் மமதா நுண்ணோக்கியை விட்டுத் துள்ளி எழுந்து சரசுவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுபத்துமூன்று என்று எண் போட்ட சாறு, தட்டில் வளர்த்த ரத்தப் புற்றுநோய் செல்களை ஒரே நாளில் கொன்றிருந்தது.

"நோடி சரசக்கா, பாருங்க, எல்லாம் காலி!"

சரசுவின் தம்பி உமேஷ் அதே நோயோடுதான் அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். முப்பத்திரண்டு வயது; எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்குக் கேப் ஓட்டியவன். அன்று சாயங்காலமே போய் அவனிடம் சொன்னாள். அவன் முகம் தெளிந்ததைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

மார்ச்சில் பரிசோதனை முடிவு வந்தது. ஏழு நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றியும் எலும்பு மஜ்ஜையில் நோய் மிச்சம் இருந்தது. இன்னொரு சுற்று, இன்னும் கடுமையாக ஏற்றவேண்டும் என்றார் டாக்டர். உமேஷ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். வாய் முழுக்கப் புண். தண்ணீர் விழுங்கவே கண்ணில் நீர் வந்தது.

"எனக்கு இது வேணாங்க்கா. ஏழு நாள் ஏத்துனாங்களே, இன்னா ஆச்சு? உங்க லேப்ல கீதே, அத்தக் கொண்டா. இல்லாட்டி நான் எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்துர்றேன்."

இரண்டு நாள் அதையே சொன்னான். மூன்றாம் நாள் சாப்பிட மறுத்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வகத்தில் எல்லோரும் கூட்டத்துக்குப் போனார்கள். பனி சுரண்டுவதற்காக உறைபெட்டிச் சாவி அவளிடம்தான் இருந்தது. எழுபத்துமூன்றாம் குப்பி சுண்டுவிரல் அளவுதான். எடுத்தபோது விரல் தோல் அதோடு ஒட்டிக்கொண்டது. டிபன் டப்பாவில் பனிக்கட்டியை நிரப்பி அதற்குள் புதைத்தாள். வாசலில் காவல்காரர் அய்யாவு மேசையைத் தட்டினார்.

"இன்னாம்மா, இந்நேரத்துல கெளம்பிட்டே?"

"தம்பிக்குச் சாப்பாடு, அண்ணே."

அவர் பையைத் திறக்கச் சொல்லவில்லை. போ போ என்று கையை அசைத்தார். பஸ்ஸில் உட்காரவும் மனமில்லாமல், பையை வயிற்றோடு அணைத்து நின்றுகொண்டே போனாள்.

கொண்டுவருவதாக அவள் போனில் சொல்லியிருந்ததால், வார்டில் உமேஷ் எழுந்து உட்கார்ந்து காத்திருந்தான். தலைமாட்டு அலமாரியில் தம்ளரில் தண்ணீர் தயாராக இருந்தது. குப்பியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"எத்தினி சொட்டு?"

எத்தனை சொட்டு என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் இருந்தது. அதை அவனிடம் சரசு சொல்லவே இல்லை. முதல் தட்டுக்கு மூன்று வாரம் கழித்து, நோயில்லாத ஒருவரின் ரத்த செல்களில் மமதா அதே சாற்றை விட்டுப் பார்த்தாள். அவையும் ஒன்று விடாமல் செத்தன. அந்தத் தட்டுகளை நீராவியில் வைத்து அப்புறப்படுத்தியவள் சரசுதான்.

"வேணாம்டா. நான் திருப்பி எடுத்துக்கினு போறேன்."

"கொண்டாந்துட்டு இன்னா வேணாம்?" அவன் பறித்து மூடியைத் திருகிவிட்டான். மூக்கைக் குத்தும் நெடி. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்புதான் கையில் பட்டது. ஆனாலும் அவன் விடவில்லை. இழுபறியில் அவன் கையில் செருகியிருந்த ஊசி அசைந்து, குழாயில் ரத்தம் ஏறியது.

"நல்ல ஆளோட ரத்தத்தையும் அது கொன்னுச்சுடா! நான் பாத்தேன். உன்கிட்ட சொல்லாம வுட்டுட்டேன்!"

அவன் பிடி தளர்ந்தது. சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவருவதற்குள் குப்பியை மூடி முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு மாடிப்படியில் நின்று மமதாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். திட்டு விழும் என்று காத்திருந்தவளிடம் மமதா கேட்ட முதல் கேள்வி வேறு.

"அவர் வாய்ல பட்டுச்சா அக்கா? ஒரு சொட்டாவது?"

"இல்லம்மா."

"கரெக்டா சொல்லுங்க. அது மெத்தனால்ல கரைச்சது. கண்ணே போயிடும்."

"படலம்மா. சத்தியமா."

முக்கால் மணி நேரத்தில் மமதா ஆட்டோவில் வந்து இறங்கினாள். குப்பியைப் பனிப்பெட்டியில் வைத்தாள். முகம் இறுகியிருந்தது. கட்டிலில் தொங்கிய மருந்துச் சீட்டைப் புரட்டி ஒரு பெயரில் விரலை வைத்தாள்: சைட்டராபின்.

"இது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா அண்ணா? எழுபது வருஷத்துக்கு முன்னாடி கரீபியன் கடல்ல ஒரு கடற்பஞ்சுல வித்தியாசமான பொருள் கெடச்சுது. அதைப் பாத்துத்தான் இதை ஃபேக்டரில செஞ்சாங்க. எவ்ளோ குடுத்தா நோய் சாகும், எவ்ளோ குடுத்தா ஆள் சாவார்னு கண்டுபிடிக்கவே வருஷக்கணக்கு ஆச்சு. என் குப்பிக்கு அது எதுவும் தெரியாது."

உமேஷ் சீட்டை வாங்கிப் பார்த்தான்.

"அப்போ ஏற்கெனவே ஏத்துனதும் பஞ்சுதானா?" என்றான். "அதுக்கே நான் சாகலியா?" சிரிக்கப் பார்த்தான், புண் வலித்து முகம் சுளித்தான். ஒத்துக்கொண்டதாக அன்று அவன் சொல்லவில்லை. மறுநாள் காலை டாக்டர் வந்தபோது கையை நீட்டினான், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆய்வகத் தலைவர் ஸ்ரீஹர்ஷா சரசுவை உட்காரவைத்து நடந்ததை எழுதி வாங்கினார். குப்பி குளிர் விட்டு, திறந்தும் இருந்ததால் அதை இனிப் பயன்படுத்த முடியாது. மீண்டும் அனுமதி வாங்கி, காற்றுக்காலம் முடிந்து கடல் அடங்கிய பிறகு புதிதாகச் சேகரிக்கவேண்டும். மமதாவின் வேலை ஆறு மாதம் தள்ளிப்போனது. சரசுவுக்கு ஒரு மாதம் வேலை இல்லை. உறைபெட்டிச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். தப்பு தன்னுடையதுதான் என்பதால் அவள் யாரிடமும் வாதாடவில்லை. மமதா மட்டும் வெகுநாள் அவளோடு வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. அதுதான் சரசுவுக்குச் சம்பளம் போனதைவிட உறைத்தது.

இரண்டாம் சுற்றில் உமேஷுக்குக் காய்ச்சல் ஏறி நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். சரசு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். மே மாதப் பரிசோதனையில் மஜ்ஜையில் நோய் தென்படவில்லை. இது முடிவு இல்லை, இன்னும் மூன்று சுற்று பாக்கி, திரும்பி வந்தாலும் வரலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். சரசு அதை ஒரு வார்த்தை விடாமல் தம்பியிடம் சொன்னாள்.