வரதன் வீட்டு ஜப்பான் செட்டும் வேதகிரியின் குழாயும்

இசைத்தட்டைப் போடுவதற்கு முன் வேதகிரி ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, வேட்டி ஓரத்தில் துடைத்துவிட்டு, ஊசிமுனையை லேசாக ஒரு தடவு தடவுவார். வேப்பமரத்து உச்சியில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ‘கர்ர்’ என்று கேட்கும். “உசுரு கீது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அப்புறம்தான் பாட்டு.

மானாம்பதியில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவருடைய மைக்செட்தான். ஆனாலும் ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள்தான் அவருக்குப் பெரிசு. அன்று வாடகை வாங்கமாட்டார். கோயிலில் பாட்டுப் போடுவது தன் உரிமை என்று நினைத்திருந்தார்.

எண்பத்து மூன்றில், கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வரதனுக்கு அவர் மச்சான் துபாயிலிருந்து ஒரு ஜப்பான் ஸ்டீரியோ செட் கொண்டுவந்தார். இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெட்டிகள். ஊரே கேட்க வந்தது. வேதகிரியை ஒரு பெட்டியின் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

ஒரு பெட்டியில் குரல், மற்றதில் வாத்தியங்கள். தபேலாவில் விரல் எங்கே படுகிறது என்றுகூடத் தெரிந்தது. பாடகி மூச்சிழுப்பது கேட்டது.

“எப்டி கீது வேதகிரி?” என்றார் வரதன்.

“சுத்தமா கீதுணா, ஒண்ணொண்ணும் தனியா கேக்குது. பாட்டு எப்ப வரும்?”

கூடமே சிரித்தது. வரதன் முகம் சிறுத்துப்போனது.

“பொறாமைய்யா உனுக்கு! இந்த வருசம் கோயில்ல இதான் பாடும். குழாயப் பரண்ல போட்டுட்டுத் தூங்கு, போ.”

வேதகிரி எழுந்து போனார். எனக்கு அந்தக் கேள்வி பெரிய விமர்சனமாகப் பட்டது. பதம் பிரித்து, பதவுரை சொல்லி, கடைசியில் கவிதையை எங்கோ விட்டுவிடுகிற வாத்தியார்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். விலை ஏற ஏற செட்டும் அப்படி ஆகிவிடும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கூழ் நாளன்று பெட்டிகள் மண்டபத்தில் அழகாகத்தான் பாடின. உள்ளே இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் உச்சிவெயில் தாண்டியும் அண்டாக்கள் தளும்பிக்கொண்டே இருந்தன. ஆட்கள் எல்லாம் ஏரிக்கு அந்தப்பக்கம் நடவில். குழாய்ப் பாட்டு கேட்டால்தான் கரையேறி, சொம்பும் தூக்குமாக வருவார்கள். வேறு அழைப்பு கிடையாது.

வெற்றிலை வாங்க ஊருக்குள் வந்த ஜெயம்மாள் சேற்றுக் காலோடு அண்டாவை எட்டிப்பார்த்தாள்.

“இன்னாணா இது, திருட்டுக் கல்யாணம் மாரி சத்தமில்லாம கூழு ஊத்தறீங்க?”

வரதன் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “யாராச்சும் போயி அந்த ஆள இட்டாங்கடா. குழாயோட.”

குழாய் மரமேறிப் பாட ஆரம்பித்ததும் வரப்புகளில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. வரதனே ஒரு சொம்பு மொண்டு வேதகிரியிடம் நீட்டினார். அதற்கப்புறம் பெட்டிகள் வரதன் கூடத்திலும் குழாய் கோயில் மரத்திலும் அதது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தன.

வேதகிரி போய்ச்சேர்ந்து சில வருடம் கழித்து, அவர் மனைவி ஆதிலட்சுமியிடம் ‘பாட்டு எப்ப வரும்’ என்ற அந்தக் கேள்வியை மெச்சிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அது கிண்டல் இல்ல தம்பி. சின்ன வயசுல அதிர்வேட்டு பக்கத்துல வெடிச்சி அவருக்கு ஒரு காது போயிட்ச்சி. வெளிய சொல்ல வுடமாட்டாரு. அன்னிக்குக் கொரல் வந்த பொட்டி அந்தக் காதுப் பக்கமா இருந்துதாம். பாடனதே அவருக்குச் சரியா கேக்கல.”