தக்காளி விதைக்குத் தெரியுமா?

திருப்பதியில் ஆய்வு மாணவியாக இருந்தபோது தக்காளிச் செடிகளுக்கு நானே இலைக்கருகல் நோயைக் கொடுத்தேன், முதலில் லேசாக, பிறகு பலமாக. முதல் நோயிலிருந்து மீண்ட செடிகள் இரண்டாவதை நன்றாகத் தாங்கின. அவற்றின் மரபணு மாறவில்லை. மரபணு இழை சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள்தான் சில இடங்களில் தளர்ந்திருந்தன. அதனால் எதிர்ப்பு மரபணுக்கள் சீக்கிரம் வேலையைத் தொடங்கின.

புத்தூர் பக்கம் தக்காளி பயிரிடும் அப்பாவிடம், எங்கள் வீட்டுப் பேச்சில் நைனாவிடம், போனில் சொன்னேன்.

"அதோட வெதைக்கும் அது தெரியுமா?" என்றார்.

மீண்ட அந்தச் செடிகளின் விதைகளையும், ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண விதைகளையும் விதைத்து, வளர்ந்ததும் நோயைக் கொடுத்தேன். பிறகு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றைப் பாதியில் விட்டுப் பசுமைக்குடிலுக்கு ஓடி இலைகளைத் திருப்பிப் பார்ப்பேன். ஆறாம் நாள் புள்ளிகள் வந்தன. சாதாரண விதையில் வந்தவை எல்லாம் கருகின. என் விதைகளில் வந்தவற்றில் சில கருகின, சில பச்சையாகவே நின்றன.

"சிலதுக்குத் தெரியுது நைனா, சிலதுக்குத் தெரியல."

"எதுக்குத் தெரியும்னு முன்னாடியே சொல்ல முடியுமா?"

"இப்போ முடியாது."

"அப்போ நான் மருந்து அடிக்கிறேன். நீ பாத்துக்கினே இரு."

போனை வைத்ததும், பச்சையாக நின்ற செடிகளை மறுபடி எண்ணப் போனேன்.