ஜமால்தீனின் வயலும் சிற்றம்பலத்தின் கல்வெட்டும்

ஊரில் முதலாவது பட்டதாரி என்பதால், காலமான அம்மானுக்குக் கல்வெட்டு எழுதும் வேலை யோகநாதனின் தலையில் விழுந்தது. முப்பத்தோராம் நாள் சபையில் வாசித்து, வந்தவர்களின் கையிலும் கொடுக்க வேண்டிய சிறு புத்தகம் அது. வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

அவனுடைய தாயின் தமையனான அம்மான் சிற்றம்பலம், வாய்க்கால் நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் வட்டவிதானையாக இருபது வருடம் இருந்தவர். தண்ணீர் குறைந்த வருடங்களில் தன் வயலின் வாய்க்காலைத்தான் முதலில் அடைப்பார். "வட்டவிதானையாருக்கு வாழ்க்கைப்பட்டும் என்ர கத்தரி வாடுது" என்று மாமி கமலாசனி ஊருக்குக் கேட்கவே ஏசுவாள். அவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தோளில் போடுவார்.

இவற்றையெல்லாம் யோகநாதன் எழுதிவிட்டான். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில்தான் பேனா நின்றது.

அன்று வாய்க்கால் புரண்டது. வீடுகளுக்குள் நீர் ஏறாதிருக்க அம்மான் கரையை வெட்டினார். பதற்றத்தில் இடம் பிழைத்துப்போயிற்று. இருபது முழம் தள்ளி வெட்டியிருந்தால் நீர் காட்டாற்றுக்குப் போயிருக்கும். அதற்குப் பதில் அது அருகிலிருந்த ஜமால்தீனின் பயிர்மேல் பாய்ந்து, வயலை மணலால் மூடியது. வெள்ளம்தான் உடைத்தது என்று ஊர் நம்பியது. மூன்றாம் நாள் அம்மான் தானாகவே ஜமால்தீனிடம் போனார்.

"வெள்ளம் உடைக்கேல்லை, தம்பி. நான்தான் பிழையான இடத்திலை வெட்டினனான்."

"மூண்டு நாளா அல்லாவிட்டையெல்லோ முறையிட்டுக்கொண்டிருக்கிறன்! முதலே வந்து சொல்லியிருக்கலாமே, அண்ணே!" என்றார் ஜமால்தீன்.

அடுத்த போகத்தில் அம்மான் தன் எருமைகளோடு போய் அந்த மணலை அள்ளிய பிறகுதான் தன் வயலில் கால் வைத்தார்.

யோசித்துவிட்டு யோகநாதன் அதையும் எழுதினான். எழுதியதை வாங்கிப் பார்த்த சின்ன அம்மான் கதிர்காமநாதன் முகம் சுளித்தார். "கல்வெட்டிலை ஆராவது பிழையை எழுதுவினமோ? உதுக்கே கம்பசுக்குப் போய்ப் படிச்சனி? வெட்டு!"

யோகநாதன் வெட்டினான். 'வெள்ளத்தில் ஊரைக் காத்த உத்தமர்' என்று எழுதி, மாமிக்கு வாசித்துக் காட்டினான்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனால் தம்பி, இது ஆர்?" என்றாள் மாமி. "அந்த மனிசன் மூண்டு நாள் பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை. ஜமால்தீனிட்டைச் சொல்லிப்போட்டு வந்துதான் 'சோறு போடு' எண்டு கேட்டவர்."

அவன் தாளைப் பார்த்தபடி இருந்தான். அம்மானுக்கு மூன்று நாள் தொண்டையில் நின்ற உண்மையை அவன் ஒரே கீறில் அழித்திருந்தான். அந்த மூன்றாம் நாள் அம்மானின் இடத்தில் தான் இருந்திருந்தால், ஜமால்தீனின் வீட்டுப் படலை வரை நடந்திருப்பானா? தெரியவில்லை. தெரியாது என்பதே அவனைச் சுட்டது. வெட்டியதைத் திரும்ப எழுதி அச்சுக்கு அனுப்பினான்.

முப்பத்தோராம் நாள் அவனே நின்று வாசித்தான். 'ஐந்து நாட்கள் நின்று மணல் அள்ளினார்' என்ற இடம் வந்தபோது சின்ன அம்மான் நிலத்தைப் பார்த்தார். பின்வரிசையில் ஜமால்தீன் எழுந்தார்.

"பிழை, தம்பி."

யோகநாதன் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"ஐஞ்சு நாளில்லை, ஏழு நாள். கடைசி ரெண்டு நாளும் நான் மறிக்க மறிக்க வந்தவர்."

தன் கையிலிருந்த புத்தகத்தை நீட்டினார். யோகநாதன் பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்தான்.

"மிச்சத்தையும் கொண்டா, இருந்து திருத்துவம்," என்றாள் மாமி. நூற்றைம்பது புத்தகங்கள் இருந்தன.