ஆடும் கால் பெஞ்சு

"டீச்சர், பெஞ்சு தூக்கப் பத்துப் பேர் வேணும்."

பத்தாம் வகுப்பு வாசலில் முதலில் தொப்பை வந்து நிற்கும். கழுத்தில் விசிலோடு விளையாட்டு வாத்தியார் பின்னால் வந்து சேருவார். பரீட்சை நெருங்கினால் அவருடைய பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வது வழக்கம். "டைம்டேபிள்ல என் பேரு சும்மா அழகுக்குத்தான்" என்று புலம்புவார்.

பெஞ்சு ஒன்றே ஒன்றுதான், அதிலும் ஒரு கால் ஆடும். மைதானத்துக்குத் தூக்கிப் போவார்கள், மணி அடித்ததும் வகுப்புக்கே தூக்கி வருவார்கள். அது போய்வந்த தூரத்தைப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் ஓடியதில்லை. வாத்தியாரும்தான், பாவம். பெஞ்சை இறக்கியதும் அதில் சாய்ந்துகொண்டு, "ஓடுங்க! உக்காந்தே துரு புடிச்சிடப் போறீங்க" என்று கத்துவார். மூச்சு வாங்குவதென்னவோ அவருக்குத்தான்.

ஆள் பொறுக்குவதில் மட்டும் கறார். ஆட்டக்காரப் பையன் கைதூக்கினால், "நீ எப்படியும் ஆடுவ, உக்காரு" என்பார். நகம் கடிப்பவர்கள், தூங்காமல் கண் சிவந்தவர்கள், இவர்கள்தான் அவருக்கு வேண்டும். முதல் ஆள், பரீட்சைக்குப் பரீட்சை வாந்தி எடுக்கும் முன்வரிசைப் பெண். "பதினஞ்சு வயசுங்க அதுக்கு! மூஞ்சியப் பாத்தா நாளைக்கே ரிட்டையர் ஆகிடும்போல இருக்கு." இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

தலைமை ஆசிரியை போன வாரமே எச்சரித்துவிட்டார். இனி பரீட்சைக் காலத்தில் பந்து தெரிந்தால், பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு பீரியடே கிடையாது. "சரிங்கம்மா" என்று பூம்பூம் மாடாகத் தலையாட்டிவிட்டு, நேராகப் போய்ப் பந்துக்குக் காற்றடித்தார் மனுஷர்.

நேற்று குட்டு உடைந்தது. பத்து நாளாக அப்படி என்ன பெஞ்சு என்று பார்க்க, சாக்பீஸும் கையுமாகக் கணக்கு டீச்சரே மைதானத்துக்கு வந்துவிட்டார். முன்வரிசைப் பெண் அப்போதுதான் பந்தை வலைக்கு மேலே அடித்துவிட்டு, முழங்கால் சிராய்க்க விழுந்து, ஊரே கேட்கும்படி சிரித்துக்கொண்டிருந்தாள். வாத்தியாருக்கு விசில் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது. பீரியட் போச்சு என்று நினைத்தார்.

டீச்சர் அந்தப் பெண்ணையே வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் சார் தூக்குவீங்க?"

"மணி அடிக்கிற வரைக்கும் டீச்சர். பெஞ்சு கொஞ்சம் கனம்."

டீச்சர் ஒரு தடவை தலைமை ஆசிரியையின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சாக்பீஸைக் கைப்பைக்குள் போட்டார். வாத்தியார் அவசரமாக ஆடும் கால் பக்கம் நகர்ந்து, மீதிப் பெஞ்சைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.