ரெண்டரை நிமிட மிச்சம்

நவோமியின் வீட்டில் அந்தப் பழைய பெர்ரிப் படகுப் பாட்டை யார் முணுமுணுத்தாலும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அப்பா நாதன் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே "கரையில நிக்கிற ஆளு யாரு, கையக் காட்டுற" என்பது வரைக்கும் வருவார். அத்தோடு சரி. பெரியப்பா வில்லியம் காரோட்டும்போது பாடினாலும் அதே இடம்தான். பினாங்கின் ஜோர்ஜ் டவுனில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய தமிழர் யாரைக் கேட்டாலும் அங்கேதான் நிற்பார்கள். அந்தக் காலத்துக் கேசட்டின் முதல் பக்கம் அந்த இடத்தில் தீர்ந்து பட்டன் எகிறும். வாயாலேயே 'டக்' என்று சொல்லிவிட்டுச் சிரிப்பவர்களும் உண்டு.

அம்மா சவுந்தரம் மட்டும் நிறுத்தமாட்டாள். மற்றவர்கள் விட்ட இடத்தில் பிடித்து, பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தத்துக்குள் இன்னும் இரண்டு வரி பாடுவாள்.

"கையக் காட்டுற மண்டோரு, கடிகாரத்தத் தட்டித் தட்டி
பஸ்ஸு கதவச் சாத்துற மண்டோரு."

எட்டு வயதில் நவோமி ஒருமுறை கேட்டிருக்கிறாள். "இது எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"நானே கட்டினது."

வாய்க்கு வந்ததைச் சேர்த்துப் பாடுகிறாள் என்று நவோமி எடுத்துக்கொண்டாள். அம்மா தலைமுடியைத் தவிர வேறெதையும் கட்டி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி நவோமி. வரலாறு படித்தாள். வரலாறு படித்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு ஓராண்டு வரைக்கும் அவளிடம் பதில் இல்லை. பிறகு அர்மேனியன் ஸ்திரீட்டில் பழைய கடைவீடு ஒன்றைக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தவர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார்கள். 'நம் தொண்ணூறுகள்' என்று ஒரு கண்காட்சி. பினாங்குத் தமிழர்களின் ஒரு பத்தாண்டுக்கு எது அடையாளமோ அதைத் தேடிக் கொண்டுவர வேண்டும். பொறுப்பாளர் லினெட் என்பவள். தொண்ணூறுகளின் பாதியை மெல்பர்னில் கழித்தவள்.

"ஒரு டெக்கேட்னா ஒரு ஃபீல் இருக்கணும் நவோமி. எட்டு பொருள் போதும். அதுக்கு மேல போனா ஆளுங்க டயர்டாயிடுவாங்க."

அப்படியே எட்டு பொருள் சேர்ந்தது. பேஜர் ஒன்று. பொதுத் தொலைபேசிக்கான அட்டைகள் ஒரு கட்டு. தொழிற்சாலைப் பெண்கள் போட்ட நீலச் சட்டை ஒன்று, அதுவும் புதிதாகத் தைத்தது. உண்மையான சட்டையில் கறை இருந்ததால் லினெட்டுக்குப் பிடிக்கவில்லை. எட்டாவதாக, நடுக்கூடத்தில், பெர்ரிப் பாட்டு இருந்த கேசட். அதன் பக்கத்தில் தொங்கவேண்டிய பலகைக்கு நவோமிதான் எழுதினாள்: 'கரையில் காத்திருக்கும் காதலனைத் தேடும் பெண்ணின் ஏக்கம். ஒரு தலைமுறையின் ஏக்கமும் அதுவே. பாடியவர் தெரியவில்லை.' எழுதியபோது கண்கலங்கியதும் உண்டு. பின்னால் நினைத்துப் பார்த்தால் அவளுக்கு வெட்கமாக இருந்தது அந்தக் கண்கலங்கல்தான்.

அந்தக் கேசட்டுக்குச் சொந்தக்காரர் முகம்மது கனி.

குவீன் ஸ்திரீட்டில் 'கனி மியூசிக் சென்டர்' என்ற ஆறடிக் கடையைத் தொண்ணூறுகள் முழுக்க வைத்திருந்தவர். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார். நான்கு ரெக்கார்டர்கள் ஒரே நேரத்தில் ஓடும், சத்தம் முழுக்கக் குறைத்து. ஊருக்கே பாட்டு ஊட்டிய மனிதருக்குப் பாட்டு பிடிக்காது. "எரைச்சல்" என்பார். அவர் கேட்டதெல்லாம் டேப்பின் நீளத்தைத்தான். எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் எத்தனை நொடி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். பாடியது ஆணா பெண்ணா என்றால் நோட்டைப் புரட்டுவார்.

அந்தத் தொழிலில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஆறு சினிமாப் பாட்டு போட்டால் கடைசியில் ரெண்டரை நிமிடம் மிஞ்சும். வெறுமையாக விட்டால், டேப்பைத் திருடிவிட்டான் என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். ஏழாவது பாட்டைப் போட்டுப் பாதியில் வெட்டினால் அதற்கும் சண்டை. யாருக்கும் தெரியாத பாட்டை வெட்டினால் யார் சண்டைக்கு வருவார்? கனி அப்படி ஒரு பாட்டு வைத்திருந்தார். ரெண்டரை நிமிடத்துக்கு அளவெடுத்து, எல்லாக் கேசட்டிலும் முதல் பக்கத்தின் கடைசியில் அதை ஒட்டினார். பினாங்கின் மினிபஸ், முடிதிருத்தும் கடை, கல்யாணப் பந்தல் எல்லாவற்றிலும் பத்து வருடம் அது ஓடியது. பக்கத்து ஊர்க்காரர்கள் புக்கிட் மெர்தாஜாமுக்கும் சுங்கை பாக்காப்புக்கும் எடுத்துப் போனார்கள்.

சி.டி. வந்ததும் கடை படுத்தது. மகன் ஃபிக்ரி அங்கே தொலைபேசி உறைகள் விற்கத் தொடங்கினான். கனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஈ ஓட்டினார். பிறகு எவனோ ஒருவன் அவரைப் படம் பிடித்துப் 'பினாங்குத் தொண்ணூறுகளின் காதலன்' என்று முகநூலில் போட்டான். அன்று முதல் கனி கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தார்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் அசல் கேசட்டைக் காட்சிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். முதலிலிருந்து ஓட்டினார்கள். பாட்டுக்கு முன்னால், எந்தப் பிரதியிலும் இல்லாத சில நொடிகள் அதில் இருந்தன. "ம்க்கும்" என்று ஒரு செருமல். மறுபடி "ம்க்கும்." பிறகு ஒரு பெண்பிள்ளையின் குரல்: "ஆரம்பிக்கவாண்ணே?"

நவோமி தினமும் அந்த ரெட்டைச் செருமலைக் கேட்டு எழுந்தவள். மாதா கோயிலில் வாசகம் வாசிக்கப் போகுமுன்னும், தொலைபேசியை எடுக்குமுன்னும், அப்பாவைத் திட்டுமுன்னும் வரும் செருமல். பாட்டு ஓடி, "கையக் காட்டுற" வந்ததும் நின்றது. அதற்குப் பின்னால் டேப்பில் வேறேதோ விளம்பரம் பதிந்திருந்தது.

"மிச்சம் எங்க மாமா?"

"எது?"

"பாட்டோட மிச்சம்."

"இந்தப் பாட்டுக்குப் பேரே மிச்சம்தான் பாப்பா. நோட்டுல அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். மிச்சம், ரெண்டர நிமிசம்."

வீட்டுக்குப் போய்க் கேட்டபோது சவுந்தரம் மீன் அலசிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நாந்தான் பாடினேன். தொண்ணூத்தி நாலுல. அப்ப பட்டர்வொர்த்துல சித்தி வீட்டுல தங்கி பெர்ரியில வந்து பாக்டரிக்குப் போவோம். சூப்பர்வைசரு பெர்ரித்துறையில பஸ்ஸுகிட்ட நின்னுக்கிட்டு, சீக்கிரம் சீக்கிரம்னு கைய ஆட்டுவான். எஸ்டேட்டுப் பிள்ளைங்க நாங்க, தோட்டத்துக் கங்காணி மாதிரி அவன மண்டோருன்னுதான் கூப்பிடுவோம். ஆண்டு விருந்துல அவன் முன்னாலயே பாடணும்னு கட்டினேன். ஒரு தடவ பதிஞ்சு கேட்டுக்கலாம்னு கனியண்ணங் கடைக்குப் போனேன். அடுத்த வாரம் வா, கேசட் காப்பி தர்றேன்னாரு. நாலு வாரம் நடந்தேன்."

"அப்புறம்?"

"அஞ்சாவது வாரம் மினிபஸ்ஸுல கேட்டேன்."

"நீ ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"எங்கப்பா காதுல விழுந்திருந்தா முதுகுத் தோல உரிச்சிருப்பாரு. கல்யாணத்துக்கப்புறம் ஒங்கப்பாகிட்ட சொன்னேன். ஆமா, நாந்தான் மலாக்கா சுல்தான்னாரு." தலையைத் திருப்பினாள். "ஒங்கிட்டயும் சொன்னேனே. நானே கட்டினதுன்னு."

நவோமிக்கு மூன்று ஆண்டு பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாறு சொல்லிக் கொடுத்தவர்கள், சாதாரண மக்களின் குரலைக் காதுகொடுத்துக் கேளுங்கள் என்று பாடம் நடத்தியிருக்கிறார்கள். அந்தத் தாளில் அவளுக்கு 'ஏ' கிரேடு. சமையலறையில் பதினெட்டு வருடம் ஓடிய சாட்சியத்தை அவள் தண்ணீர்ச் சத்தம் என்று தள்ளியிருந்தாள். அதுவும் போகட்டும். காதல் ஏக்கமாம். ஊரே பத்து வருடம் ஏங்கியது ஒரு தொழிற்சாலை மண்டோருக்காக.

மறுநாள் லினெட்டிடம் பலகையை மாற்றக் கேட்டாள்.

"ப்ரிண்ட் ஆயிடுச்சு நவோமி. மேல ஸ்டிக்கர் ஒட்டினா அசிங்கமா இருக்கும். அப்புறம், பாடினவங்க தெரியாம இருக்குறதுலதான் அழகே. சூப்பர்வைசர்னு சொல்லிட்டா அந்த ஃபீல் போயிடும்லா."

நவோமி வாதாடியிருக்கலாம். ஒப்பந்தம் நீட்டிக்கும் பேச்சு அந்த வாரம்தான் நடந்துகொண்டிருந்தது. அவள் வாதாடவில்லை. நேரே குவீன் ஸ்திரீட்டுக்குப் போனாள்.

கனி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "அந்த பெர்ரிப் புள்ள ஒங்கம்மாவா? நம்ம நாதன் தம்பி சம்சாரமா? அல்லா. இத்தன வருசம் வாயத் தொறக்கலியே."

"பேரு சொல்லணும் மாமா. பலகையில ஏத்தமாட்டேங்கிறாங்க. திறப்பு விழாவுல நீங்க பேசறப்ப பாடினது சவுந்தரம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அம்மா வருவாங்க."

"இது என்ன பெரிய விசயம். சொல்லிடறேன். என் கடன் பாப்பா அது."

கடன் என்ற வார்த்தையை அவரேதான் சொன்னார்.

திறப்பு விழா அன்று சவுந்தரம் கல்யாணப் பட்டுச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். மடிப்பு போகவில்லை. நாதன் ஜுரு ஊரில் இருந்த தன் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். மனைவி சொன்னதை இருபத்தெட்டு வருடம் கழித்து நம்பியவர் என்பதால் வழியெல்லாம் அவளைவிட ஒரு அடி பின்னாலேயே நடந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். தான் முப்பது வருடம் போட்ட நீலச் சட்டையின் புது நகலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த சவுந்தரம் கேட்டது ஒன்றுதான்: "யாரு இத தைச்சது? கையி கோணியிருக்கு."

பாட்டு ஓடியது. கூடத்தில் இருந்த நடுத்தர வயதுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பாடி, "கையக் காட்டுற" என்றதும் ஒன்றாக நிறுத்தி, ஒன்றாக 'டக்' என்று சொல்லி, தங்களுக்கே கைதட்டிக்கொண்டார்கள். லினெட் கண்ணைத் துடைத்தாள். கனியை மேடைக்கு அழைத்தார்கள். கறுப்புக் கண்ணாடி, பட்டுச் சட்டை. இசைதான் தன் உயிர் மூச்சு என்று ஆரம்பித்தார். பத்து நிமிடம் மூச்சு விட்டார். ஒவ்வொரு கைதட்டலுக்கும் ஒரு அங்குலம் உயர்ந்துகொண்டே போனார்.

லினெட் கேட்டாள்: "இந்தக் குரல் யாரோடதுன்னு உங்களுக்காவது தெரியுமா அங்கிள்?"

நவோமி சுவரோரம் நின்றாள். கனி மூன்றாவது வரிசையைப் பார்த்தார். சவுந்தரம் நிமிர்ந்து, தன்னை அறியாமல், "ம்க்கும்" என்று இரண்டு முறை செருமினாள். எழுந்து நிற்கத் தயாராக முந்தானையைச் சரிசெய்தாள்.

"அது என் மனசோட போகட்டும்மா" என்றார் கனி. "சில குரலுக்குப் பேரு இருக்கக்கூடாது."

அன்றைய பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

வெளியே கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையில் நாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சவுந்தரம் முந்திக்கொண்டாள். "அவங்க கொடுத்த கறிபாப் நல்லாருந்துச்சு. உருளைக்கிழங்கு கொஞ்சம் வேகல." 

நவோமிக்கு ஒப்பந்தம் நீட்டித்தார்கள்.

இரண்டு மாதத்தில் கனி மௌத்தானார். நாளிதழில் அரைப்பக்கம் வந்தது. 'ஒரு பத்தாண்டுக்குக் குரல் கொடுத்தவர்' என்று தலைப்பு. பழைய பழக்கத்துக்காக நாதன் பள்ளிவாசலுக்குப் போய் வெளித் தாழ்வாரத்தில் நின்றார். இறுதித் தொழுகைக்கு முன்னால் ஃபிக்ரி எழுந்து, வழக்கப்படி, கூடியிருந்தவர்களிடம் சொன்னானாம்: "எங்கத்தா யாருக்காச்சும் கடன் பாக்கி வச்சிருந்தா எங்ககிட்ட சொல்லுங்க. நாங்க பொறுப்பேத்துக்கறோம்."

"கையத் தூக்கலாமான்னு பாத்தேன்" என்றார் நாதன், வீட்டில், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"தூக்கி என்னான்னு கேப்பீங்க?" என்றாள் சவுந்தரம்.

அவர் செருப்பை ஓரமாக வைத்தார். என்ன கேட்பது என்று தனக்குத் தெரியும் என்று நவோமிக்குத் தோன்றியது. நான்காம் நாள் கடைக்குப் போனாள். ஃபிக்ரி நல்லவன். விஷயம் என்னவென்று முழுக்கக் கேட்பதற்குள் கல்லாவைத் திறந்துவிட்டான்.

"எவ்ளோக்கா?"

"காசில்ல ஃபிக்ரி. பேரு. அந்தப் பாட்ட பாடினது எங்கம்மான்னு ஒங்க குடும்பத்துலேருந்து யாராச்சும் சொல்லணும்."

அவன் கல்லாவை மெதுவாக மூடினான். காசாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்பது முகத்தில் தெரிந்தது. "அத்தாதான் எல்லாம்னு எழுதிட்டாங்கக்கா. இப்ப போயி..." தலையைச் சொறிந்தான். "பேஸ்புக்ல போட்டுடறேன். கண்டிப்பா."

போட்டான். கறுப்புக் கண்ணாடியில் கனியின் படம். அதன் கீழே இசைச் சேவை பற்றி நீளமான பத்தி. கடைசி வரியில், 'அத்தாவின் பாட்டுக்குக் குரல் கொடுத்து உதவிய ஒரு சகோதரிக்கும் எங்கள் நன்றி.' நானூறு பேருக்குமேல் இதயம் போட்டிருந்தார்கள். நவோமி 'அந்தச் சகோதரியின் பெயர் சவுந்தரம்' என்று பின்னூட்டம் எழுதினாள். அதற்கு ஒரே ஒரு பதில் வந்தது: 'நீங்கள் யார்?'

அவள் எழுதிய பலகை இன்னும் நடுக்கூடத்தில் தொங்குகிறது. கண்காட்சிக்கு நல்ல வரவேற்பு இருப்பதால் வருடக் கடைசி வரைக்கும் நீட்டித்திருக்கிறார்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து நாதன் சட்டையைக் கழற்றும்போது பாட்டைப் பிடித்தார். "கரையில நிக்கிற ஆளு யாரு, கையக் காட்டுற" என்று வந்து நின்றார். இந்த முறை 'டக்' என்று சொல்லவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கூடத்தில் இருந்த நவோமியும் காத்திருந்தாள்.

சவுந்தரம் தண்ணீர்க் குழாயை மூடினாள். 

"மிச்சத்த, கைதட்டு வாங்கினவங்கள வந்து பாடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.